மூத்தோர் அணையாடை: மலிவாக வாங்கினால் மலிவாக முடியுமா?

சிங்கப்பூரில் தாதிமை இல்லப் படுக்கைகளின் எண்ணிக்கையை 2030ஆம் ஆண்டுக்குள் 31,000க்கு மேல் உயர்த்த சுகாதார அமைச்சு திட்டமிட்டுள்ளது. அதே 2030ல், குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். புக்கிட் பாத்தோக்கில் தொடங்கிய சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகள் குவீன்ஸ்டவுன், பிடோக் வட்டாரங்களுக்கும் செல்கின்றன. கட்டடங்கள், படுக்கைகள், தாதியர் எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி நாடாளுமன்றத்திலும் காப்பிக் கடையிலும் பேசுகிறோம்.

அந்தப் படுக்கைகளில் படுத்திருப்போருக்கு நாள் முழுவதும் தேவைப்படும் ஒரு பொருளைப் பற்றிப் பேச்சு குறைவு. அது பெரியவர்களுக்கான அணையாடை. தாதிமை இல்லங்கள் வாங்கும் அன்றாடப் பொருள்களில் உணவு, மருந்துக்கு அடுத்தபடியாக ஓயாமல் தீர்ந்துகொண்டே இருப்பது இதுதான். இதை எப்படி வாங்குகிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விஷயங்கள் மாறுகின்றன. மாதக் கட்டணச் சீட்டில் வரும் தொகை, தாதியரின் வேலைப்பளு, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மூத்தவரின் தோல் நலமும் தன்மானமும்.

பேச்சு குறைவாக இருப்பதற்குக் காரணம் கூச்சம். "பாட்டிக்கு அது தீர்ந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வா" என்று சொல்லும் வீடுகள்தான் அதிகம். குழந்தைக்கு வாங்கும்போது 'பேம்பர்ஸ்' என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்பவர்களே, பெரியவருக்கு வாங்கும்போது 'அது' என்று குரலைத் தாழ்த்துகிறோம். பேச்சில் இல்லாத பொருள் கணக்கிலும் சரியாக வருவதில்லை.

ஒரு நாள் கணக்கு

200 படுக்கைகள் கொண்ட ஒரு தாதிமை இல்லத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 120 பேர் அணையாடை பயன்படுத்துவதாகவும், ஒருவருக்கு நாளுக்கு ஐந்து தேவைப்படுவதாகவும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு 600. மாதத்துக்கு 18,000. ஆண்டுக்கு 219,000. ஓர் அணையாடையின் விலையில் பத்துக் காசு குறைந்தால் ஆண்டுக்கு 21,900 வெள்ளி மிச்சம். இந்தக் கணக்கைப் பார்க்கும் எந்த நிர்வாகிக்கும் விலையைக் குறைப்பதே முதல் வேலையாகத் தோன்றும். அதில் தவறில்லை. அறநிறுவனம் நடத்தும் இல்லமாக இருந்தால், மிச்சமாகும் ஒவ்வொரு வெள்ளியும் வேறொரு முதியவரின் செலவுக்கு உதவும்.

ஆனால், ஒன்றின் விலையும் ஒரு நாளின் செலவும் வேறுவேறு. 60 காசுக்குக் கிடைக்கும் மெல்லிய அணையாடை சீக்கிரம் நிறைந்து கசிந்தால், நாளுக்கு ஆறு தேவைப்படும். செலவு 3 வெள்ளி 60 காசு. 75 காசு கொடுத்து நன்றாக உறிஞ்சும் அணையாடையை வாங்கி, நாளுக்கு நான்கு போதுமானால் செலவு 3 வெள்ளிதான். மேலே சொன்ன 120 பேருக்கும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு 72 வெள்ளி, ஆண்டுக்கு 26,280 வெள்ளி வேறுபாடு. விலை கூடிய பொருள்தான் இங்கு மலிவு.

நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முறை குறைவாக மாற்றினால் நாளுக்கு 240 முறை குறைகிறது. ஒருமுறை மாற்றப் பத்து நிமிடம் என்றால் அது 40 மணி நேரம். படுக்கையிலிருந்து எழ இயலாதவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் தேவைப்படுவதும் உண்டு. தாதியர் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும்போது, அவர்களது நேரம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கசிந்தால் படுக்கை விரிப்பு, உடை, சலவை எனச் செலவு நீளும். இரவில் ஈரத்தோடு விழித்தவருக்குத் தூக்கமும் போகும்.

இவை எடுத்துக்காட்டுக்கான எண்கள். ஒவ்வோர் இல்லத்திலும் எண்கள் மாறும். ஆனால் கணக்கிடும் முறை மாறாது. கொள்முதல் அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டிய எண், ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஆகும் மொத்தச் செலவு. பொட்டலத்தின் மீது ஒட்டியிருக்கும் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. நன்றாக உறிஞ்சும் அணையாடை கிடைத்துவிட்டது என்பதற்காக மாற்றும் நேரத்தைத் தள்ளிப்போடக்கூடாது. எத்தனை முறை மாற்றுவது என்பதை அந்த மூத்தவரின் நிலையே முடிவு செய்ய வேண்டும். மலம் கழித்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். சிறுநீரும் மலமும் தோலில் நீண்ட நேரம் பட்டால் தோல் சிவந்து, உரிந்து, புண்ணாகும். ஏற்கெனவே படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது படுக்கைப்புண்ணோடு சேர்ந்துகொண்டால் ஆற மாதக்கணக்காகும். அந்தப் புண்ணுக்கான மருந்து, கட்டு, மருத்துவமனைச் செலவுக்கு முன்னால் பத்துக் காசு மிச்சம் எடுபடாது.

விற்போர் சிலர், வாங்குவோர் பலர்

சிங்கப்பூர்க் கடைகளில் பல பெயர்களில் அணையாடைகள் இருக்கின்றன. பெயர்கள் பலவாக இருந்தாலும் பின்னால் இருக்கும் நிறுவனங்கள் அவ்வளவு இல்லை. எடுத்துக்காட்டாக, 'செர்ட்டன்டி' அணையாடையைத் தயாரித்த டிஎஸ்ஜி நிறுவனத்தை, 'லைஃப்ரீ' தயாரிக்கும் ஜப்பானின் யூனிசார்ம் 2018ல் வாங்கிவிட்டது. அலமாரியில் போட்டியாளர்களைப்போல் அருகருகே இருக்கும் இரண்டு பெயர்களும் ஒரே குடும்பம். ஸ்வீடனில் தோன்றிய 'டெனா' இன்னொரு பெரிய பெயர்.

இந்தத் துறையில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதற்கு ஜப்பானே அடையாளம். அங்கு ஓஜி ஹோல்டிங்ஸ் நிறுவனம், உள்நாட்டுச் சந்தைக்கான குழந்தை அணையாடைத் தயாரிப்பை நிறுத்திவிட்டுப் பெரியவர்களுக்கான அணையாடையில் கவனம் செலுத்தப்போவதாக 2024ல் அறிவித்தது. பிறப்பு குறைந்து முதுமை கூடும் சிங்கப்பூரும் அதே திசையில்தான் செல்கிறது.

விலை ஏன் ஏறி இறங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. அணையாடையின் உள்ளே இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று மரக்கூழ்ப் பஞ்சு. மற்றொன்று, ஈரம் பட்டதும் கூழாக உப்பும் உறிஞ்சுத் துகள். அந்தத் துகள் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து தயாராவது. வெளிப்புறத் தாளும் நெகிழிதான். ஆகவே மரக்கூழ், கச்சா எண்ணெய், கப்பல் கட்டணம் ஆகிய மூன்றில் எது ஏறினாலும் அணையாடை விலையும் ஏறும். தனியாகச் சென்று பேரம் பேசும் ஒரு சிறிய இல்லத்துக்கு அந்த ஏற்றத்தைத் தாங்கும் பலம் இல்லை.

மொத்தக் கொள்முதல் தேவைப்படுவது இதனால்தான். அரசாங்க மருத்துவமனைகளில் இந்தப் பாதை ஏற்கெனவே போடப்பட்டுள்ளது. மூன்று பொதுச் சுகாதாரக் குழுமங்களுக்கும் சேர்த்து மருந்துகளையும் மருத்துவப் பொருள்களையும் கொள்முதல் செய்ய 2018ல் ஆல்ப்ஸ் நிறுவனம் உருவாக்கப்பட்டது. பல மருத்துவமனைகளின் தேவையை ஒன்றாகக் கூட்டி வாங்கினால் விலையும் குறையும், கையிருப்பும் உறுதியாகும் என்பது அதன் அடிப்படை. நூறு, இருநூறு படுக்கைகளோடு இயங்கும் அறநிறுவன இல்லங்களுக்கு இந்த அணுகுமுறை இன்னும் பொருத்தமானது. நாலைந்து இல்லங்கள் ஒரே அளவுப் பட்டியலை ஏற்றுக்கொண்டு ஒரே ஏலக்குத்தகை விட்டால், விற்பனையாளர் முன் அவை ஒரு பெரிய வாடிக்கையாளராக நிற்கலாம்.

விலையோடு தொடர்ச்சியும் முக்கியம். 2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியா தன் எல்லைகளை மூடியபோது, இங்கு மக்கள் அரிசிக்கும் கழிவறைத் தாளுக்கும் கடைகளில் வரிசை பிடித்தார்கள். சரக்குப் போக்குவரத்து தொடர்ந்ததால் நிலைமை சீரானது. ஒரு குடும்பத்தில் நாலு நாளுக்கு அணையாடை கிடைக்காவிட்டால் பழைய வேட்டித் துணியை வைத்துச் சமாளிப்பார்கள். 120 பேர் இருக்கும் இல்லத்தில் அது முடியாது. மொத்தமாக வாங்கும் ஒப்பந்தத்தில் இரண்டாவது விற்பனையாளருக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும்.

ஏலக்குத்தகையில் எழுத வேண்டியவை

"பெரியவர் அணையாடை, அளவு எல், 10,000 எண்ணிக்கை" என்று எழுதி விலை கேட்டால், குறைந்த விலையில் கிடைக்கும் பொருள்தான் வரும். கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

முதலாவது உறிஞ்சும் திறன். அதை அளக்க ஐஎஸ்ஓ 11948-1 என்ற அனைத்துலகத் தரமுறை உள்ளது. அணையாடையை உப்புக் கரைசலில் ஊறவைத்து, அது எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்று எடை பார்க்கும் முறை அது. வெறும் தண்ணீரை ஊற்றிக் காட்டும் விளம்பரங்களை நம்பக்கூடாது. சிறுநீரில் உப்பு இருக்கிறது. உப்பு கலந்தால் உறிஞ்சுத் துகளின் திறன் வெகுவாகக் குறையும். ஆய்வகத்தில் கிடைக்கும் எண்ணும் அப்படியே படுக்கையில் கிடைக்காது. அணிந்திருப்பவர் ஒருபக்கம் சாய்ந்து படுத்திருக்கும்போது முழுவதும் நிறைவதற்கு முன்பே கசிந்துவிடும். ஆகவே அந்த எண் பொருள்களை ஒப்பிட மட்டுமே உதவும்.

இரண்டாவது, ஈரம் திரும்பி வராமை. உறிஞ்சிய ஈரம் அழுத்தம் பட்டதும் மேல்பரப்புக்கு வந்தால், அணிந்தவர் ஈரத்திலேயே கிடக்கிறார் என்று பொருள். மாதிரிப் பொருளில் அளந்த உப்பு நீரை ஊற்றிச் சில நிமிடங்கள் கழித்து, மேலே உலர்ந்த தாளை வைத்துக் கையால் அழுத்திப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

மூன்றாவது அளவு. 'பெரிய அளவு வாங்கினால் அதிகம் உறிஞ்சும்' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில், தொடைப் பகுதியில் இடைவெளி விழுந்து அங்கிருந்துதான் கசிவு தொடங்கும். இடுப்பையும் பின்புறத்தையும் அளந்து, இரண்டில் பெரியதற்கு ஏற்ப அளவைத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு அளவுநாடா போதும். ஓர் இல்லத்துக்கு, எத்தனை பேர் எந்த அளவு என்ற பட்டியல் வேண்டும். அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். உடல் மெலிவது முதுமையில் வழக்கம்.

நான்காவது வகை. ஒட்டுப்பட்டை வைத்தது, உள்ளாடைபோல் இழுத்து அணிவது, உள்ளே வைக்கும் மெல்லிய அட்டை, படுக்கை மேல் விரிப்பது என்று வகைகள் உள்ளன. எழுந்து நடப்பவருக்கு ஒட்டுப்பட்டை வகையைப் போட்டால் அவரே கழிவறைக்குச் சென்று கழற்றி மாட்டிக்கொள்ள இயலாது. பகலில் ஒருவகை, இரவில் ஒருவகை எனப் பிரித்தால் செலவும் குறையும். இரவில் கசிகிறது என்று ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அணையாடைகளைப் போடுவது பலர் செய்யும் தவறு. உள்ளே இருக்கும் அணையாடையின் வெளித்தாள் நீர் புகாதது. அது நிறைந்ததும் ஈரம் பக்கவாட்டில் வழியுமே தவிர, அடுத்ததற்குள் போகாது. வெப்பமும் வியர்வையும்தான் கூடும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய இன்னும் சில உண்டு. வாங்குவதற்கு முன்பு சில படுக்கைகளில் இரண்டு வாரமாவது சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு. அளவு மாறினால் பிரிக்காத பெட்டிகளை மாற்றிக்கொள்ளும் உரிமை. ஆண்டுக்கான விலையை இப்போதே உறுதிசெய்து, பொருளை மாதாமாதம் பெறும் ஏற்பாடு. கடைசியாகச் சொன்னது முக்கியமானது. மொத்தமாக வாங்குவது என்றால் மொத்தமாக அடுக்கிவைப்பது என்று பொருளில்லை. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அட்டைப் பெட்டிகள் பூஞ்சை பிடிக்கும். ஒட்டுப்பட்டையின் பசை காலப்போக்கில் வலுவிழக்கும். இடத்துக்கும் வாடகை உண்டு.

சமூகப் பராமரிப்பு அடுக்குமாடி வீடுகளில் இந்த இடப் பிரச்சினை இன்னும் கூர்மையாகத் தெரியும். அவ்வீட்டின் பரப்பளவு சுமார் 32 சதுர மீட்டர்தான். அங்கு குடியிருப்போர் கட்டாயமாகப் பெறும் அடிப்படைச் சேவைத் தொகுப்பில் 24 மணி நேர அவசர உதவி, எளிய உடல்நலப் பரிசோதனை போன்றவை உள்ளன. அணையாடை போன்ற அன்றாடத் தேவைகளை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பெட்டியாக வாங்கினால் விலை குறைவு. ஆனால் பெட்டியை வைக்க இடமில்லை, தூக்கிவர ஆளில்லை. ஒரே கட்டடத்தில் இருப்போரின் தேவையைச் சேர்த்து வாங்கி, வாரந்தோறும் கதவருகே கொண்டுவந்து தரும் ஏற்பாட்டை அந்தந்தக் கட்டடத்தின் சேவை நிறுவனம் செய்தால் பயன் உண்டு. பெயரைச் சொல்லி வரிசையில் நிற்க வைக்காமல், பொட்டலத்தை வெளியே தெரியாமல் கொடுப்பது அதில் முக்கியம்.

யார் பணம் கட்டுகிறார்?

கட்டண முறையும் பராமரிப்பை மாற்றும். சில தாதிமை இல்லங்கள் அணையாடைச் செலவை மாதக் கட்டணத்துக்குள்ளேயே சேர்க்கின்றன. சில தனியாகக் கணக்கிடுகின்றன. குடும்பத்தினரே வாங்கிவந்து தரலாம் என்பவையும் உண்டு. கட்டணத்துக்குள் சேர்ந்திருந்தால், குறைவாகப் பயன்படுத்த நிர்வாகத்துக்குத் தூண்டுதல் இருக்கும். எண்ணிக்கைக்கு ஏற்பத் தனியாக வசூலித்தால், குறைக்க வேண்டும் என்ற அக்கறை குறையலாம். குடும்பமே வாங்கித் தந்தால், தீர்ந்துபோனதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாருடையது என்ற சிக்கல் வரும். மூன்றில் எதுவும் தவறான முறை என்று சொல்வதற்கில்லை. எந்த முறை என்று சேர்க்கும் நாளிலேயே குடும்பம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் பராமரிப்போரின் கணக்கு வேறு. நாளுக்கு ஐந்து வீதம் மாதத்துக்கு 150 அணையாடைகள். ஒன்று 80 காசு என்றால் 120 வெள்ளி. 2022 இறுதிவரை 7 விழுக்காடாக இருந்த பொருள், சேவை வரி 2023ல் 8 விழுக்காடாகவும் 2024ல் 9 விழுக்காடாகவும் உயர்ந்தது. ஆண்டு முழுவதும் தவறாமல் வாங்கும் பொருளில் அந்த இரண்டு விழுக்காடும் தெரியவே செய்யும்.

உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. இல்லப் பராமரிப்பு மானியம் 2026 ஏப்ரல் முதல் மாதத்துக்கு அதிகபட்சம் 600 வெள்ளியாக உயரும் என்று 2025ல் அறிவிக்கப்பட்டது. மூத்தோருக்கான நடமாட்ட உதவி நிதி, வீட்டில் பராமரிக்கப்படும் தகுதியுள்ள மூத்தோரின் அணையாடை போன்ற பொருள்களுக்கும் கழிவு தருகிறது. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் 'ஏஐசி லிங்க்' அலுவலகங்களில் இதற்கு விவரம் கேட்கலாம். கடுமையான உடற்குறை உடையவர்கள் தங்கள் அல்லது தங்கள் துணையின் மெடிசேவ் கணக்கிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்கவும் வழியுண்டு.

கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி 2020ல் மாதம் 600 வெள்ளி வழங்கீட்டுடன் தொடங்கியது. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைச் செய்ய இயலாதவருக்கு அது கிடைக்கும். ஆனால் அதில் தாமாகவே சேர்க்கப்பட்டவர்கள் முக்கியமாக 1980ல் அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள். இன்று எண்பது வயதில் அணையாடை தேவைப்படுவோரில் பலர், மாதம் 300 அல்லது 400 வெள்ளியை ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்கு மட்டும் தரும் பழைய எல்டர்ஷீல்டு திட்டத்தில் இருப்பவர்கள். அதில்கூடச் சேராதவர்களும் உண்டு. மானியங்கள் உயர்ந்தாலும், இன்றைய மூத்த தலைமுறைக்கு விலை இன்னும் பெரிய விஷயம்தான்.

எல்லாருக்கும் போட்டுவிடும் ஆபத்து

மொத்தக் கொள்முதலில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அறை நிறைய அணையாடை இருந்தால், தேவைப்படாதவருக்கும் அதைப் போட்டுவிடும் வழக்கம் எளிதில் வந்துவிடும். கைபிடித்து அழைத்துச் சென்றால் கழிவறையைப் பயன்படுத்தக்கூடியவர், சில வாரங்களில் அந்தப் பழக்கத்தையே இழந்துவிடுவார். நடப்பது குறையும். கால்கள் வலுவிழக்கும். பிறகு அவருக்கு உண்மையாகவே அணையாடை தேவைப்படும்.

சிறுநீரை அடக்க முடியாமல் போவது முதுமையின் இயல்பு என்று விட்டுவிடக்கூடாது. சிறுநீர்ப்பாதைத் தொற்று, கடுமையான மலச்சிக்கல், சில மருந்துகள், கட்டுப்படாத நீரிழிவு, ஆண்களுக்குச் சுக்கியன் சுரப்பி வீக்கம் எனக் காரணங்கள் பல. இவற்றில் சில சரிசெய்யக்கூடியவை. நீரிழிவு நம் சமூகத்தில் பரவலாக இருப்பதை நாம் அறிவோம். அணையாடை வாங்கத் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை கேட்பது நல்லது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை 'போகணுமா' என்று கேட்டு அழைத்துச் செல்லும் முறையால் கசிவு குறைவதும் உண்டு.

தமிழ் மூத்தோருக்கு இங்கே இன்னொரு தடை இருக்கிறது. அது மொழி. நம் தாதிமை இல்லங்களில் வேலை செய்வோரில் பலர் பிலிப்பீன்ஸ், மியன்மார் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் தமிழ் தெரியும் என்று சொல்ல முடியாது. மறதி நோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற ஆங்கிலமும் மலாயும் முதலில் மறைந்து, சிறுவயதுத் தமிழ் மட்டுமே நிற்பது உண்டு. 'ஒண்ணுக்கு வருது' என்று ஒரு பாட்டி சொல்வது யாருக்கும் புரியாவிட்டால், அடுத்த நாளிலிருந்து அவருக்கு அணையாடை. அவருக்கு அடக்கும் சக்தி இருந்தது. அதைச் சொல்லும் மொழியைக் கேட்க ஆள்தான் இல்லை.

இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். 'ஒண்ணுக்கு', 'ரெண்டுக்கு', 'ஈரம்', 'எரியுது', 'வலிக்குது' என்று பத்துச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஓர் அட்டையில் எழுதிப் படுக்கையருகே தொங்கவிட்டால் போதும். ஈசூனில் ஸ்ரீ நாராயண மிஷன் போன்று இந்தியச் சமூகத்திலிருந்து தோன்றிய அமைப்புகள் இல்லங்களை நடத்துகின்றன. ஆனால் தமிழ் மூத்தோர் தீவு முழுவதும் பல இல்லங்களில் ஓரிருவராகச் சிதறி இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கும் தமிழ்த் தொண்டூழியர் அந்தப் பத்துச் சொற்களைத் தாதியருக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

பெரியவரின் விருப்பத்தைக் கேட்பதும் இதே வகையைச் சேர்ந்தது. சேலை கட்டிப் பழகியவருக்கு எந்த வகை வசதி, கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போகும் நாளில் சுத்தமாக இருக்கிறோம் என்ற நிறைவோடு போக என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் சொல்வார்கள். கசிந்துவிடுமோ என்ற பயத்தில் திருமணங்களுக்கும் பூசைகளுக்கும் போவதையே நிறுத்திவிட்ட மூத்தோர் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். காரணத்தை அவர்கள் சொல்வதில்லை. 'முடியலம்மா' என்று மட்டும் சொல்வார்கள்.

தீபாவளிக்கு அணையாடை கொடுப்போருக்கு

தீபாவளி, பொங்கல், பிறந்தநாள், பெற்றோரின் நினைவு நாள் என்று நம்மவர்கள் முதியோர் இல்லங்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். அரிசி, பிஸ்கட், அதோடு அணையாடைப் பெட்டிகள். மனம் நல்ல மனம். ஆனால் கடையில் சலுகை விலையில் கிடைத்த அளவைக் கேட்காமல் வாங்கிக் கொடுத்தால், அங்கு யாருக்கும் பொருந்தாத பெட்டிகள் சேமிப்பறையை அடைத்துக்கொள்ளும். ஒருவருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை வேறுவேறு வகையைப் போட்டால் தோலும் ஏற்காது, மாற்றும் நேரமும் குழம்பும்.

கொடுக்க விரும்புவோர் முதலில் தொலைபேசியில் அழைத்து, எந்த வகை, எந்த அளவு, எந்த மாதம் தேவை என்று கேட்கலாம். பண்டிகை மாதத்தில் குவிந்து, பிப்ரவரியிலோ ஜூலையிலோ யாரும் எட்டிப் பார்க்காத நிலையை அது மாற்றும். ரொக்கமாகக் கொடுத்தால் இல்லம் தன் ஒப்பந்த விலையில் வாங்கிக்கொள்ளும். கடை விலையில் நாம் வாங்குவதைவிட அதே பணத்துக்கு அதிகம் கிடைக்கும். வரிச் சலுகையும் இதில் உண்டு. பொது நல அமைப்பு என்ற தகுதி பெற்ற அறநிறுவனத்துக்கு ரொக்கமாக 100 வெள்ளி கொடுத்தால், வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து 250 வெள்ளி கழிக்கப்படும். அணையாடைப் பெட்டியாகக் கொடுத்தால் அந்தக் கழிவு கிடையாது.

பெட்டிகளை அடுக்கிவைத்து எடுக்கும் படம் கிடைக்காது என்பது ஒரு குறைதான். கோயில்களும் தமிழர் அமைப்புகளும் சேர்ந்து, ஆண்டுக்கு ஓர் இல்லத்தின் குறிப்பிட்ட மாதங்களை ஏற்றுக்கொள்ளும் முறைக்கு மாறினால், அந்தப் படத்தைவிடப் பெரிய உதவியாக அது அமையும்.

பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்க்கப் போகிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம்: அணையாடைக்கான கட்டணம் தனியா? எந்த நிறுவனத்தின் பொருள், இரவுக்கு வேறு வகை உண்டா? நாளுக்கு எத்தனை முறை பார்ப்பீர்கள், இரவில் எத்தனை முறை? இவருக்கு அணையாடை தேவை என்று முடிவு செய்வது யார், அதை எப்போது மறுபடி பரிசீலிப்பீர்கள்? நடக்கக்கூடியவரைக் கழிவறைக்கு அழைத்துச் செல்வீர்களா? பதில் சொல்லத் தயங்காத இல்லம், பொதுவாகப் பராமரிப்பிலும் தயங்காத இல்லமாகவே இருக்கும்.

இந்தக் கேள்விகளைக் கேட்கும் குடும்பங்கள் கூடினால், கொள்முதல் அதிகாரிகளும் விலையோடு தரத்தைப் பற்றியும் விற்பனையாளரிடம் கேட்பார்கள். அதற்கு முதலில் நாம் 'அது' என்பதை விட்டு அணையாடை என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும்.